முதல் பாத்தியில் யாரும் உரிப்பதில்லை

குன்னத்திலிருந்து அரியலூர் போகும் சாலையில், மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவே திடீரென்று எழும்பி நிற்கும் தனியார் வேளாண் கல்லூரியின் புல்வகை ஆய்வு மையத்தில், எங்கும் எழுதி வைக்கப்படாத விதி ஒன்று இருந்தது. காவலாளி முதல் இயக்குநர் வரை அதை ஒருவரும் மீறியதில்லை. முதல் பாத்திச் செடியை யாரும் உரித்துப் பார்ப்பதில்லை என்பதே அந்த விதி.

பார்க்கலாம். குனிந்து பார்க்கலாம், அளவுகோல் வைத்து உயரம் அளக்கலாம், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம், பொங்கலன்று அதன் தாளில் மஞ்சள் கொத்துக்கூடக் கட்டலாம். இலையுறையை மட்டும் உரிக்கக் கூடாது. தண்டைச் சட்டைக்கை போலச் சுற்றிக்கொண்டிருக்கும் இலையின் அடிப்பகுதிக்குத்தான் இலையுறை என்று பெயர். அதன் உட்பக்கத் தோலை பிளேடால் கீறி, வெங்காயத்தின் உள்தோலைக் கழற்றுவதுபோல் கழற்றி, நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், செடிக்குள் பூஞ்சை குடியிருக்கிறதா இல்லையா என்பது ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் தெரிந்துவிடும். அந்த ஒரு டீ நேரத்து வேலையைத் தவிர மற்ற எல்லா வேலைகளையும் அந்த மையம் பல ஆண்டுகளாகச் சிரத்தையோடு செய்துவந்தது.

இந்த விதியை இயற்றியவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. ஆனால் அது பிறந்த வேளையில் உடனிருந்தவன் ஒருவன் உண்டு. நுண்ணுயிரியல் உதவிப் பேராசிரியர் தமிழழகன். ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் தற்காலிகப் பணி அவனுடையது. ஆகவே ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் தற்காலிக மனச்சாட்சியும் அவனுக்கு இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் நேர்மையாகத்தான் ஒன்றைக் கண்டுபிடித்தான். சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்துக் கைவிட்ட குழிகளின் ஓரத்தில், சித்திரை வெயிலில் எல்லாம் கருகிக் கிடக்கும்போதும் கொழுக்கட்டைப் புல் மட்டும் பச்சையாக நின்றது. அவன் அதை உரித்துப் பார்த்தான். உயிரணுக்களின் இடுக்கில், மெல்லிய நீல நூல்களாகப் பூஞ்சை ஓடியது. உள்வாழ் பூஞ்சை என்பது புல்லுக்கு வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி. சாப்பாடு புல்லுடையது. பதிலுக்கு, வறட்சியில் வீட்டை வாடவிடாமல் பார்த்துக்கொள்வது பூஞ்சையின் பொறுப்பு. வீட்டோடு மாப்பிள்ளைகளில் இந்த அளவுக்குப் பொறுப்புள்ளவர்கள் குறைவு. மையத்தின் இயக்குநர் பரணிதரன் கல்லூரிச் சேர்மனின் மருமகன், சேர்மன் வீட்டிலேயே குடியிருப்பவர் என்பதால், இத்தனை பொருத்தமான உவமையை மையத்துக்குள் எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

யாரும் விதைக்காத புல்லுக்குள் இருப்பதில் பூஞ்சைக்கு என்ன பெருமை என்று பரணிதரன் கேட்டார். அதை எடுத்து மக்காச்சோளத்துக்குள் வைத்தால் மாவட்டமே நம்மைத் திரும்பிப் பார்க்கும் என்றார். இந்த வகைப் பூஞ்சைகள் இடம் பார்த்துத்தான் குடியேறும், தலைமுறை தலைமுறையாகப் பழகிய புல்லை விட்டு இன்னொன்றுக்குப் போனால் ஒட்டுவது அரிது என்று தமிழழகன் மெதுவாக எடுத்துச் சொன்னான். பரணிதரன் சிரித்தார்.

"மக்காச்சோளமும் புல்லு வகைதானே தமிழழகன்? ரெண்டும் ஒரே குடும்பம். ஒரே குடும்பத்துக்குள்ள குடுக்கல் வாங்கல் வச்சா பொருந்தாம எங்க போயிடும்?"

இதே நம்பிக்கையில் உடையார்பாளையம் தொடங்கிப் பெரம்பலூர் வரைக்கும் நடந்த கலியாணங்களில் எத்தனை, நீதிமன்ற வளாகத்தில் வாய்தா வாங்கிக்கொண்டு நிற்கின்றன என்பதை அவர் விசாரித்ததாகத் தெரியவில்லை. பூஞ்சைக்கோ சொந்தபந்தம் என்ற கணக்கே கிடையாது. தமிழழகன் மக்காச்சோள நாற்றுகளின் குருத்தில் ஊசியால் கீறிப் பூஞ்சையை வைத்தான். பெரும்பாலான நாற்றுகள், தொட்ட இடத்தில் பழுப்பேறிச் செத்தன. வேண்டாத விருந்தாளி தங்கிவிடுவானோ என்ற பயத்தில் வீட்டையே கொளுத்திக்கொண்ட கதை அது. பிழைத்த நாற்றுகள் விருந்தாளியை வாசலிலேயே முடித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் வளர்ந்தன. ஒரே ஒரு நாற்றில் மட்டும் சில நூல்கள் தெரிந்தன. அவன் படம் எடுத்தான். அடுத்து வந்த இலையில் அந்த நூல்களும் இல்லை.

படம் மட்டும் இயக்குநர் கைக்குப் போயிருந்தது. அது கல்லூரி வாசல் வளைவில் ஆளுயரத்துக்கு ஏறிய பிறகுதான், செடியில் இப்போது ஒன்றுமில்லை என்று சொல்வதற்காகத் தமிழழகன் அவர் அறைக்குப் போனான்.

"அந்தப் போட்டோ நீங்க எடுத்ததுதானே?" என்றார் பரணிதரன்.

"ஆமாங்க சார்."

"அதுல தெரியறது பூஞ்சைதானே?"

"ஆமாங்க சார். அன்னிக்கு இருந்துச்சு."

"போட்டோல இன்னிக்கும் இருக்குல்ல? அப்புறம் என்ன?"

தமிழழகன் யோசித்தான். போட்டோவில் இருக்கத்தான் செய்தது. "சரிங்க சார்" என்று வெளியே வந்தான். விதி பிறந்தது அந்தச் 'சரிங்க சார்'-இல்தான். அதற்குப் பிறகு அது தானாகவே வளர்ந்தது. பூஞ்சையைப்போல் அதற்கு இடம் பார்க்கும் வழக்கமெல்லாம் இல்லை. யாருக்குள்ளும் சுலபமாகக் குடியேறியது.

பூஞ்சை வைத்ததாகச் சொன்ன மக்காச்சோளம் நின்ற முதல் பாத்தி எப்போதும் பச்சையாக இருந்தது. பக்கத்துப் பாத்திகள் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடக்கும் நாட்களிலும் அது கல்யாணப் பந்தல் வாழைபோல் நின்றது. அதன் வேரடியில்தான் விடுதிச் சமையலறையின் கழுவுநீர் வந்து தேங்குகிறது என்பதைப் பயிர்ப்பெருக்கப் பேராசிரியர் லீலாவதி முதல் மாதமே கண்டுகொண்டார். ஆய்வறிக்கையில் அதை 'இயல்பான மண் ஈரம்' என்று எழுதினார். தனியே ஒருமுறை தமிழழகனிடம், "தெனம் சாம்பார் சட்டி கழுவி ஊத்துனா கொடிக்கம்பங்கூடத் துளிர்க்கும் தம்பி" என்றார். அந்த ஒரு வாக்கியமே அவர் வாழ்நாளில் சொன்ன மிகச் சரியான அறிவியல் கூற்று. அதை அவர் எந்த இதழுக்கும் அனுப்பவில்லை.

பிறகு விதை உற்பத்திக்கு வந்தார்கள். பூஞ்சைக் கரைசலில் ஊறவைத்த விதையைக் கிடங்குக்கு அனுப்பினார்கள். கிடங்கைப் பார்த்துக்கொண்ட கலைமணி, எந்த விதை வந்தாலும் செய்வதை இதற்கும் செய்தார். பூஞ்சாணக்கொல்லி மருந்தைக் கலந்து, ரோஸ் நிறமாகப் புரட்டி எடுத்து, நிழலில் உலர்த்தி, மூட்டை கட்டினார். தமிழழகன் ஓடிப்போய்ப் பார்த்தபோது ரோஸ் மலையே உலர்ந்துகொண்டிருந்தது. உள்ளே பூஞ்சையை வைத்துவிட்டு வெளியே பூஞ்சையைக் கொல்லும் மருந்தைப் பூசலாமா என்று கேட்டான். விதைநேர்த்தி செய்யாமல் ஒரு மூட்டைகூட வெளியே போகக் கூடாது என்பது சேர்மன் காலத்திலிருந்தே வழக்கம் என்று கலைமணி வருத்தத்தோடு சொன்னார். விருந்துக்கு அழைத்த மாப்பிள்ளைக்குப் பாயசத்தில் விஷம் கலந்தது யார் என்று கேட்டால், பாயசத்தில் கலக்காமல் பரிமாறும் வழக்கம் இங்கே இல்லை என்று பதில் வந்தது போலிருந்தது.

இயக்குநரிடம் போனார்கள். "மருந்து வெளியில, பூஞ்சை உள்ள. ரெண்டும் சந்திச்சுக்கப் போறதே இல்ல" என்று அவர் தீர்த்துவைத்தார். அந்த மருந்து முளைக்கும் செடியோடு சேர்ந்து உள்ளேயும் ஏறும் என்பது தமிழழகனுக்குத் தெரியும். அவன் வாதாடவில்லை. உண்மையில் அவனுக்கு நெஞ்சில் ஒரு பாரம் குறைந்தது. ஏற்கெனவே பொருந்தாமல் செத்துப்போன பூஞ்சைக்கு இப்போது இன்னொரு கொலைகாரனும் கிடைத்துவிட்டான். என்றாவது விசாரணை வந்தால் இரண்டு குற்றவாளிகளும் ஒருவரையொருவர் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். அந்த விதைக்குக் 'கரிசல் காவலன்' என்று பெயர் வைத்து, இந்த ஆவணியில் குன்னம் வட்டார விவசாயிகளுக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. 'ஒரு மழை போதும்' என்று மூட்டையில் அச்சிட்டார்கள். அந்த வாசகத்தில்தான் ஆபத்து இருந்தது. மழையை மட்டும் நம்பிப் பயிரிடும் மானாவாரிச் சம்சாரி, புரட்டாசி மழை மண்ணை நன்றாக நனைக்கும்வரை விதையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பான். இந்த மூட்டையை வாங்குபவன் காத்திருக்க மாட்டான். ஆவணியில் விழும் முதல் தூறலுக்கே விதைப்பான். விதை முளைக்கும். அடுத்த மழை தள்ளிப்போகும். காவலன் இல்லாத பயிர் முழங்கால் உயரத்தில் காய்ந்துபோகும்.

இதெல்லாம் தமிழழகனுக்குத் தெரியும். தெரிந்தும், பொதுவாக விவசாயிகள் என்று நினைக்கும்போது அவனுக்குத் தூக்கம் கெடவில்லை. தன் அண்ணன் கொளஞ்சி அந்த விதையைத் தன் கொல்லை முழுக்கப் போடப் போகிறான் என்று கேள்விப்பட்ட பிறகுதான் கெட்டது. மனிதாபிமானம் பலருக்கும் இப்படி உறவுமுறை வழியாகத்தான் வந்து சேர்கிறது.

கொளஞ்சிக்கு இருப்பது அந்த ஒரு கரிசல் கொல்லைதான். முன்பு ஒரு வருடம் பயிர் பொய்த்தபோது ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்டு மூட்டை ஏற்றும் வேலைக்குப் போய், இடுப்பு பிடித்துக்கொண்டு திரும்பியவன். இன்னொரு முறை அவனால் அப்படிப் போக முடியாது. தமிழழகன் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனான். விதியை மீறாமல் அண்ணனைக் காப்பாற்றுவது எப்படி என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனான்.

விதை இந்த வருடம் எல்லாருக்கும் கிடைக்காது என்று தொடங்கினான். டைரக்டரே வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்டாரே என்றான் கொளஞ்சி. கரிசலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பது சந்தேகம் என்றான் தமிழழகன். விதையின் பெயரே கரிசல் காவலன் என்று கொளஞ்சி நினைவுபடுத்தினான். ஒரு வருடம் மற்றவர்கள் போட்டுப் பார்க்கட்டும், நீ அடுத்த வருடம் போடலாம் என்று தமிழழகன் கடைசியாகச் சொன்னான். கோழிக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அண்ணி ராசாத்தியின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"மத்தவங்க போட்டுப் பாத்தா, மத்தவங்கதானே தம்பி மேல வருவாங்க?" என்றாள். "ஊருக்கெல்லாம் கண்டுபிடிச்சுக் குடுக்கறீங்க. ஒங்க அண்ணன் மட்டும் கடைசிப் பந்தியில ஒக்காரணுமா?"

"அப்புடி இல்ல அண்ணி. இன்னும் கொஞ்சம் பாக்க வேண்டியிருக்கு."

"நீங்க என்னத்தப் பாக்கணும்? பாத்துத்தானே காலேஜு வாசல்ல அம்மாம்பெரிய படம் வச்சிருக்கீங்க?"

கொளஞ்சி மனைவியை அதட்டினான். ஆனால் அதட்டலில் அவ்வளவு வேகம் இல்லை. "ஏண்டா தமிழு, அதுல எதுனா கோளாறு இருக்கா? இருந்தா சொல்லிப்புடு. நான் போடல" என்றான்.

அந்தக் கேள்வி அவ்வளவு நேராக வந்திருக்கக் கூடாது. தமிழழகனின் வாய் திறந்தது. நிரந்தரப் பணிக்கான ஆணையில் சேர்மன் கையெழுத்துப் போட்டுவிட்டார், விதை வெளியீட்டு விழா மேடையிலேயே கொடுக்கப்போகிறார் என்று வெள்ளிக்கிழமைதான் பரணிதரன் சொல்லியிருந்தார். திறந்த வாயில் ஒரு கவளம் சோற்றை வைத்துக்கொண்டான். மென்று விழுங்கிவிட்டு, "கோளாறுன்னு இல்லண்ணே" என்றான்.

"அப்பறம் என்னடா," என்று கொளஞ்சி சிரித்தான். ராசாத்தி சிரிக்கவில்லை. வாசல்வரை வழியனுப்ப வந்து, அண்ணன் நன்றாக வந்துவிட்டால் தம்பியின் வாத்தியார் வேலைக்கு மவுசு குறைந்துவிடுமோ என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்பதுபோல் இவனிடம் கேட்டாள்.

மறுவாரம் கல்லூரிக்குள் நுழைந்தபோது வாசல் வளைவில், தன்னுடைய பழைய பூஞ்சைப் படத்துக்குப் பக்கத்தில் தன் அண்ணனின் முகம் தொங்குவதைத் தமிழழகன் கண்டான். 'முன்னோடி விவசாயி' என்று கீழே எழுதியிருந்தது. கொளஞ்சி நேரே இயக்குநரைப் போய்ப் பார்த்திருக்கிறான். கண்டுபிடித்தவரின் அண்ணனே விதைக்கிறார் என்றால் அதைவிட வேறு சான்று வேண்டுமா என்று பரணிதரன் பூரித்துப்போய் அன்றே பிளெக்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டார்.

தமிழழகனுக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிஞ்சியது. விதையைப் பார்த்து ஒப்புதல் கொடுக்க வரும் வல்லுநர் குழுவுக்குத் தலைவர் முனைவர் ஜெகதாம்பாள். பயிர் நோயியலில் நாற்பது வருட அனுபவம் உள்ளவர். அவர் வாழ்நாளில் உரித்த இலையுறைகளைச் சேர்த்துத் தைத்தால் விழாப் பந்தலுக்கே கூரை போடலாம். அந்த அம்மாள் பார்த்தால் விட மாட்டார், தான் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்காது, உண்மையும் வெளிவரும், ஆணையும் கைக்கு வரும் என்று அவன் கணக்குப் போட்டான். கோழைகள் போடும் கணக்கில் எப்போதும் இன்னொருவரின் துணிச்சல்தான் முதல்.

விழா நாளன்று ஜெகதாம்பாள் வந்தார். சந்தன மாலையை வாங்கிக்கொண்டார். இளநீர் குடித்தார். பாத்திகளைச் சுற்றி வந்தார். வரிசைக்கு வரிசை எத்தனை இடைவெளி என்று கேட்டார், அடியுரம் கேட்டார், படைப்புழுவுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். லீலாவதி எல்லாவற்றுக்கும் மனப்பாடமாகப் பதில் சொன்னார். முதல் பாத்தி வந்தது. ஜெகதாம்பாள் குனிந்தார். நாற்பது வருடப் பழக்கத்தில் அவருடைய கட்டைவிரல் நகம் தானாகப் போய் ஒரு செடியின் இலையுறை விளிம்பில் நின்றது.

பரணிதரன் தொண்டையைக் கனைக்கவில்லை. லீலாவதி தலையசைக்கவில்லை. யாரும் ஒன்றும் செய்யவில்லை. சமையலறைப் பக்கமிருந்து ஈரக் காற்று ரசத்தின் மணத்தோடு வந்தது. ஜெகதாம்பாள் தண்ணீர் தேங்கிய வேரடியை ஒருமுறை பார்த்தார். பிறகு நகத்தை எடுத்துக்கொண்டு, அந்தச் செடியை இரண்டுமுறை தட்டிக்கொடுத்தார், பிறர் வீட்டுக் குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல.

"எனக்குக் கண்ணுல புரை எடுத்திருக்கு," என்றார், யாரும் கேட்காமலே. "மைக்ராஸ்கோப்பெல்லாம் பாக்க வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

அந்த விதி தங்கள் கல்லூரிக்கு மட்டும் உரியது என்று இத்தனை காலமும் தமிழழகன் நினைத்திருந்தான். அது எல்லை தாண்டி எப்போதோ பரவிவிட்டிருந்தது. சொல்லிக்கொடுக்காமலே கடைப்பிடிக்கக்கூடியவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள்.

பந்தலில் கூட்டம் நிறைந்திருந்தது. குன்னம், செந்துறை வட்டாரச் சம்சாரிகள், ஏலாக்குறிச்சிப் பக்கத்திலிருந்து தனி பஸ் பிடித்து வந்தவர்கள், பிரியாணி உண்டு என்று கேள்விப்பட்ட மாணவர்கள். மேடைக்குக் கீழே ஒரு மேசையில் நுண்ணோக்கியைக் கேமராவோடு பெரிய திரைக்கு இணைத்திருந்தார்கள். திரையில் நீல நூல்கள் ஓடின. அது பல வருடத்துக்கு முன் கொழுக்கட்டைப் புல்லிலிருந்து எடுத்துக் கண்ணாடிச் சில்லில் பதப்படுத்தி வைத்தது. 'கரிசல் காவலன்' என்று திரையின் அடியில் எழுத்து ஓடியது. மேசை வெறிச்சென்று தெரியக் கூடாது என்பதற்காகப் பிளேடும் சாயப் புட்டியும் இடுக்கியும் அலங்காரமாக அடுக்கப்பட்டிருந்தன. அந்த மேசைக்குப் பின்னால் தமிழழகன் புதுச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். அவனும் அலங்காரத்தில் சேர்த்திதான்.

வரவேற்புரையும் தலைமையுரையும் முடிந்தன. சேர்மன் பேசினார். ஜெகதாம்பாள் பேசினார், அறிவியலையும் விவசாயியையும் இணைக்கும் பாலம் என்று மையத்தைப் பாராட்டினார். விதையைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை என்பதை அவருடைய நேர்மைக்குச் சான்றாகக் கொள்ள வேண்டியதுதான். பிறகு முன்னோடி விவசாயியை அழைத்தார்கள்.

கொளஞ்சி வெள்ளை வேட்டியில் ஏறினான். மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன். போன வாரத்துக்கு முந்தின வாரம் எந்தம்பி வூட்டுக்கு வந்து, இந்த வருசம் போடாதண்ணேன்னான். ஏண்டான்னா காரணம் சொல்லல."

பரணிதரனின் புன்னகை அப்படியே உறைந்தது. லீலாவதி தன் செருப்பைப் பார்க்கத் தொடங்கினார்.

"நானும் என் சம்சாரமும் தப்பா நெனச்சுட்டோம். அண்ணன் நல்லா வந்துருவான்னு பொறாமப்படுறான்னு. அப்புறம் எனக்கே அசிங்கமாப் போச்சு. அவன் பயந்த சுபாவம். தன்னோட கண்டுபிடிப்பு மேலயே அவனுக்கு நம்பிக்கை பத்தல. எனக்கு இருக்குங்க. ஆவணி மொத தூத்தலுக்கே கொல்ல பூராவும் போடப் போறேன். எம் பங்காளி அஞ்சாறு பேருக்கும் சொல்லிட்டேன், அவங்களும் போடுறாங்க. எந்தம்பி கண்ணால பாத்துட்டான். அது போதும்."

கைதட்டல் கூரையைத் தூக்கியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ராசாத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தமிழழகனைப் பார்த்து, மன்னித்துவிடுங்கள் என்பதுபோல் தலையாட்டினாள். பரணிதரன் மைக்கை அவசரமாக வாங்கிக்கொண்டார். இப்படிப்பட்ட அண்ணன் தம்பியைப் பெற்ற மண் நம் மண் என்றார். இந்த மகிழ்ச்சியான வேளையில் முனைவர் தமிழழகனுக்கு நிரந்தரப் பணி ஆணையைச் சேர்மன் அவர்கள் தம் திருக்கரத்தால் வழங்குவார் என்றார்.

தமிழழகன் எழுந்தான். மேடைப் படிக்கட்டுவரை நடந்தான். அண்ணன் மேலே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். நெடுநேரம் நின்றால் அவனுக்கு அங்கே வலிக்கும். தமிழழகன் படியில் வைத்த காலை எடுத்தான். திரும்பினான். பந்தலைவிட்டு வெளியே நடந்தான்.

ஒன்றுக்குப் போகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சேர்மன் ஆணையை நீட்டிய கையோடு காத்திருந்தார். தமிழழகன் முதல் பாத்தியில் ஒரு செடியை வேரோடு பிடுங்கி, சேறு சொட்டச் சொட்டக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். வெள்ளை மேசைவிரிப்பில் கழுவுநீர் பரவியது.

"தமிழழகன், ஆர்டர் இங்க இருக்கு," என்றார் பரணிதரன் மைக்கில், மிகவும் மென்மையாக.

"இருக்கட்டுங்க சார்."

அவன் பிளேடை எடுத்தான். இலையுறையைத் தண்டிலிருந்து பிரித்தான். உட்பக்கத்தில் கீறி, இடுக்கியால் தோலைப் பிடித்து இழுத்தான். பல வருடமாகச் செய்யாத வேலை. முதல் தோல் கிழிந்தது. இரண்டாவது முழுதாக வந்தது. சாயம் விட்டான். பழைய சில்லை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தான். திரை ஒரு கணம் வெளிறி, பிறகு தெளிந்தது. சுண்ணாம்பு அடிக்காத சுவரில் செங்கல் அடுக்கியதுபோல், வரிசை வரிசையாக மக்காச்சோளத்தின் உயிரணுக்கள். இடுக்குகளில் ஒரு நூல்கூட இல்லை. அவன் கண்ணாடிச் சில்லை இப்படியும் அப்படியும் நகர்த்தினான். எங்கும் அதே சுத்தமான, ஒழுங்கான, காலி வீடு.

ஜெகதாம்பாள் மருத்துவர் சொன்னதை மறந்து திரையை உற்றுப் பார்த்தார். லீலாவதி இன்னும் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். திரையில் அழகாக ஏதோ தெரிகிறது, விஞ்ஞானி நம் கண்ணெதிரே எடுத்துக் காட்டிவிட்டார் என்று கூட்டத்துக்குப் புரிந்தது. கைதட்டல் வரிசை வரிசையாக முன்னால் வந்தது. நிலைமையை எவரைக் காட்டிலும் விரைவில் உணர்ந்துகொண்ட பரணிதரன் தாமும் கைதட்டினார். "கண்கூடான நிரூபணம்," என்றார் மைக்கில். மேடையில் கொளஞ்சி தலைக்குமேல் கையைத் தூக்கித் தட்டினான்.

உரித்துக் காட்டினால் போதும், வாயைத் திறக்க வேண்டியிருக்காது என்றுதான் தமிழழகன் அப்போதும் நினைத்திருந்தான். அந்த வழியும் அடைபட்டது. அவன் மேடையேறி, இயக்குநரின் கையிலிருந்த மைக்கைப் பிடித்தான். அவர் விடவில்லை. இருவரும் பிடித்தபடியே, ஒரே மைக்கில், தமிழழகன் பேசினான்.

"அண்ணே, கை தட்டாத. அதுல ஒண்ணுமில்ல. அந்தப் பூஞ்சை மக்காச்சோளத்துல தங்காது, ரெண்டுக்கும் ஒத்துக்கல, எப்பவுமே ஒத்துக்கல. வாசல்ல இருக்கிற படம் ஒரே ஒரு நாத்துல எடுத்தது, அதுவும் மறு இலையிலயே போயிடுச்சு. இவ்வளவு நேரம் திரையில ஓடினது கொழுக்கட்டைப் புல்லு. இந்தப் பாத்தி பச்சையா இருக்கிறது சமையக்கட்டுத் தண்ணியில. மத்த எல்லாருக்கும் சேத்துதான் சொல்றேன், யாரும் ஆவணியில வெதச்சுடாதீங்க. நான் உரிச்சுப் பாத்துட்டேன்."